உள்ளே ஓடி ஒளியும் கதவு

எனக்கு மரவேலை தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நினைப்பு என் மனைவிக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்குத் துண்டு மரம் கொடுத்துக்கொண்டிருந்த மரக்கடை பாய்க்கும் வந்ததில்லை. எனக்கு மட்டும் வந்து தொலைத்துவிட்டது. தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பட்டா மாறுதல் மனுக்களைப் புரட்டுகிற குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் உளி எதற்கு, இழைப்புளி எதற்கு என்று தெருவே கேட்டது. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஆபீசில் கிடந்த ஒரு மேஜை. வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அதன் மேல் வளைவாக ஒரு மூடி இருக்கும். தூக்கினால் அந்த மூடி உள்ளுக்குள்ளேயே ஓடி எங்கோ மறைந்துவிடும். இறக்கினால் மறுபடி வந்துவிடும். மெல்லிய மரப்பட்டைகளை வரிசையாகத் துணிமேல் ஒட்டி, இரண்டு பக்கச் சட்டங்களிலும் காடி வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள் பட்டைகளின் நுனி ஓடும்படி விட்டிருந்தார்கள். துணி வளைவதால் கதவும் வளைகிறது. மூலையில் திரும்பி, பின்பக்கம் இருக்கிற பொய்ச்சுவருக்கு அப்பால் போய் ஒளிந்துகொள்கிறது. சங்கதி இவ்வளவுதான். ஆனால் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வருஷக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி நடக்கிற அன்றைக்குக்கூட அதைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்து தாசில்தாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேஜை செய்யும் அளவுக்கு எனக்கு மரமும் இல்லை, கையும் இல்லை. கையகலப் பெட்டி செய்யலாம் என்று இறங்கினேன். முதல் பெட்டி என் மனைவியின் ஹேர்பின்களுக்கு. கதவைத் திறந்ததும் பட்டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தன. இரண்டாவது என் மூக்குக் கண்ணாடிக்கு. அது திறந்தது, மூட மறுத்துவிட்டது. மூன்றாவதை ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தேன். அதன் பொய்ச்சுவருக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் ஒரு பல்லி குடியேறி, யாராவது ஏதாவது நல்ல காரியம் பேசினால் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தது. அவர்கள் அதைச் சகுனம் என்று நம்பி, பெட்டியைச் சாமி மாடத்தில் வைத்துப் பூப்போட ஆரம்பித்துவிட்டார்கள். என் கைவேலைக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்தப் பல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பாயிடம் நான் மரம் கேட்கப் போகும்போதெல்லாம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "தொறக்கிறதா, மூடுறதா? ரெண்டும் செய்யற மாதிரி ஒண்ணு எப்ப வரும்?"

வந்தது. ஒரு சித்திரை மாதம், ஆறு மணலாகக் கிடந்து ஊரே காய்ந்துகொண்டிருந்தபோது, நல்ல தேக்கில் ஒரு பெட்டி அமைந்தது. இரண்டு சாண் நீளம்கூட இருக்காது. மூலைகளைப் பல்லோடு பல் கோத்திருந்தேன். காடியில் மெழுகு தடவினேன். பட்டைகளை என் பழைய வேட்டித் துணியில் வஜ்ரம் போட்டு ஒட்டினேன். வஜ்ரம் என்பது மாட்டுத்தோலைக் காய்ச்சிச் செய்கிற பசை. அதை அடுப்பில் வைத்தால் வருகிற நாற்றத்தில் என் மனைவி கொல்லைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் கதவு ஓடியது. ஒரு விரலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் போய் மறைந்தது. காடிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அந்த இறுக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான் பூரித்துப்போனேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு வாசல் கதவையே காலால் உதைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். வாசல் கதவு வேறு, என் பெட்டி வேறு என்று இருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில்தான் என் மாமனாருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் வைத்து அறுபதாம் கல்யாணம் செய்வதென்று என் மனைவி தீர்மானித்தாள். மாமனார் சரி என்றார். மாமியார் மட்டும் ஒன்று சொன்னார். "அவன் வராம நான் மணையில உக்கார மாட்டேன்."

அவன் என்றது அவருடைய மகனை. என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். மாமனாருக்குக் குத்தாலத்துப் பக்கம் நல்ல நஞ்சை இருந்தது. புது ஆட்சி வந்து, நில உச்சவரம்பு, குத்தகைப் பாதுகாப்பு என்று சட்டங்கள் வந்து, மிராசுதார்களெல்லாம் நிலத்தை உறவுக்காரர்கள் பேரில் எழுதிவைத்த காலம் அது. என் பேரில்கூடக் கொஞ்சம் எழுதினார். அந்த வயல் வாய்க்காலுக்குக் கிழக்கா மேற்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் காலேஜ் படித்துவிட்டு வந்த மச்சானோ விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். ஒரு சம்பா அறுவடையில் ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மாமனார் முடியாது என்று வெளியூர் ஆட்களை இறக்கினார். மறுநாள் காலையில் வரப்பில் சிவப்புக் கொடியோடு ஆட்கள் மறித்து நின்றார்கள். முன்னால் நின்றது மச்சான். போலீஸ் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மாமனார் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றையிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை. மச்சான் ஜாமீனில் வந்து சங்கத்து அறையிலேயே தங்கிவிட்டார். மாமியார் மகனைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார்.

மாமியார் இப்படிச் சொன்னதும் மாமனார், வருகிறவன் வரட்டும், என்னைப் பேசச் சொல்லாதீர்கள் என்று எழுந்து போய்விட்டார். மாமியாருக்கு அது போதவில்லை. ஒரே ஒரு வார்த்தை, அது திட்டாக இருந்தால்கூடப் போதும், கூடத்தில் நாலு பேர் பார்க்க அவன்கிட்ட இவர் பேசிட்டா எனக்கு அதுதான் கல்யாணம் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதார். வீடு முழுக்க இந்த ஒரு கவலைதான். எனக்கும் கவலை இருந்தது. பெட்டிக்கு வார்னிஷ் அடிப்பதா, மெழுகோடு விட்டுவிடுவதா என்று.

ஏனென்றால் அதற்குள் நான் ஒரு யோசனை சொல்லி, அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அறுபதாம் கல்யாணத்தில் புதுத் தாலி ஒன்று கட்டுவார்கள். அதைத் தேங்காய்மேல் வைத்துத் தாம்பாளத்தில் எடுத்துப்போய் எல்லோரிடமும் தொட்டு ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். தாம்பாளம் எதற்கு, என் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாமே என்றேன். மாமனாருக்குப் பிடித்துவிட்டது. மகன் பண்ணிய காரியத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை பண்ணிய காரியத்தை வைத்துக் காட்ட அவருக்கு ஒரு பண்டம் தேவையாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டிக் கதவைத் தள்ளிவிட்டு, "இப்ப கதவு எங்க போச்சு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். எனக்குத் தலை கனத்துவிட்டது. பொதுக்கூட்டத்தில் சாமியே இல்லை என்று பேசினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற ஆள் நான். தாலிப் பெட்டி செய்த பெருமையில் அதெல்லாம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

மச்சானை அழைக்கப் போனதும் நான்தான். குத்தாலத்தில் சங்கத்து அறையில் பாய்மேல் உட்கார்ந்து பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அப்பா கூப்பிடச் சொன்னாரா?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வரட்டும்னாரு. பேச மாட்டேன்னாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அம்மாவுக்காக வருகிறேன் என்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனித்திருக்க வேண்டும். நான் பையிலிருந்து பெட்டியை எடுத்து, "இப்ப கதவு எங்க போச்சு சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். நல்ல மனுஷன், எனக்காகப் பின்பக்கமெல்லாம் திருப்பிப் பார்த்தார்.

கல்யாணத்தன்று விடியும்போதே மழை. திருக்கடையூரில் அன்றைக்கு எத்தனை அறுபதாம் கல்யாணமோ, தெருவெல்லாம் மாலையும் கழுத்துமாகக் கிழவர்கள். நாங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் பிடித்திருந்தோம். மச்சான் நனைந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கரையில்லாத வேட்டி. கொடியின் நிறத்தில் ஒரு நூல்கூட மேலே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தூணோரம் நின்றார். மாமியார் மணையில் உட்கார்ந்ததிலிருந்து அந்தத் தூணையும் தன் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் பெட்டியோடு ஒரு சுற்று வந்தேன். சும்மா வந்தால் பரவாயில்லை. ஒவ்வொருவரிடமும் கதவை மூடிக் காட்டித் திறந்து காட்டி, உள்ளே மஞ்சள் சரட்டில் கிடந்த தாலியைத் தொடச் சொன்னேன். தாலியைத் தொட்டவர்களைவிடக் கதவைத் தொட்டவர்கள்தான் அதிகம். தூணோரம் வந்தபோது மச்சான் தாலியை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. சுற்றி முடிந்ததும் கதவை மூடி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மணைக்கு முன்னால் நடு இடத்தில் பெட்டியை வைத்தேன்.

பெரியவர்களை விழுந்து கும்பிடுகிற நேரம் வந்தது. நானும் என் மனைவியும் விழுந்தோம். மாமனார் அட்சதை போட்டு வாய் நிறைய வாழ்த்தினார். அடுத்து மச்சான் வந்து விழுந்தார். மாமனார் ஹோமப் புகையைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த அட்சதையைக் கீழே போட்டார். அதில் பாதி மச்சான் முதுகில் விழுந்தது, மீதி தரையில். வாய் திறக்கவில்லை. மச்சான் எழுந்து மறுபடி தூணோரம் போய்விட்டார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், புகை என்று சொன்னார். என் மனைவி என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் கலச நீர். தம்பதிகளை உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, பூஜை செய்த குடத்து நீரையெல்லாம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றுவார்கள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் சிக்கனமாக ஊற்றத் தெரியாது. தம்பதிகள் தெப்பமாக நனைந்தார்கள். மணை நனைந்தது. மணைக்கு முன்னால் நடு இடத்தில் நான் வைத்திருந்த பெட்டியும் நனைந்தது. நானும்தான் ஒரு குடம் ஊற்றினேன். ஊற்றும்போது கால் பெட்டியில் பட்டுவிடக் கூடாதே என்று ஜாக்கிரதையாக ஊற்றினேன். தண்ணீர் படக் கூடாது என்பது தோன்றவேயில்லை.

இரண்டு பேரும் உடை மாற்றிக்கொண்டு புதுப்பட்டில் வந்து உட்கார்ந்தார்கள். மேளக்காரர் தயாராக நாதஸ்வரத்தை வாயில் வைத்தார். குருக்கள், "மாங்கல்யத்தை எடுங்கோ" என்றார்.

நான் ஒரு விரலால் கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. இரண்டு கட்டை விரலாலும் தள்ளினேன். பட்டைகள் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன. அதோடு வஜ்ரம் ஊறிப்போய்த் துணியை விட்டிருந்தது. ஒவ்வொரு பட்டையும் தன்னிஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு காடிக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கைப்பிடிக் குமிழைப் பிடித்து இழுத்தேன். குமிழ் மட்டும் கையோடு வந்தது. கூட்டத்தில் யாரோ, "இப்ப கதவு எங்க போச்சு?" என்று கேட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

குருக்கள் முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. முகூர்த்தம் முடியப் போகிறது, அவசரத்துக்கு ஒரு விரலி மஞ்சளைச் சரட்டில் கோத்துக் கட்டிவிடலாமா என்றார். மாமியார் முடியாது என்று தலையை ஆட்டினார். இந்தத் தாலியைத்தான் என் மகன் தொட்டான் என்றார். மாமனார் என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோம குண்டத்துப் பக்கம் போனேன். அனலில் கொஞ்சம் காட்டினால் ஈரம் வற்றி ஓடிவிடும், ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று குருக்களிடம் கெஞ்சினேன். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒடைங்க" என்றாள். ஒரு மூலையை மட்டும் மெதுவாக நெம்பிப் பார்க்கலாம் என்றேன். அவள், "இப்ப ஒடைக்கிறீங்களா இல்லியா?" என்றாள். நான் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதைச் செய்தது என் கைகள், என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

மாமனார் மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. என்னைப் பார்த்து நம்பிக்கை இழந்தவராக, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இவரு ஒடைக்க மாட்டாரு," என்றார். "டேய், நீ வாடா."

மச்சான் நகரவில்லை. தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உன்னத்தாண்டா. வந்து ஒடை. நேரமாவுது பாரு."

மாமனார் அவசரத்தில் மறந்துதான் கூப்பிட்டாரா, இல்லை, மறப்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது என்று கூப்பிட்டாரா என்று பின்னால் எங்கள் வீட்டில் பல தடவை விவாதம் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. மச்சான் ஓடி வந்தார். என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினார். தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

பெட்டி உடையவில்லை. மூலையில் பல்லோடு பல் கோத்த இடம் அப்படியே நின்றது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதும் கிடையாது, இப்படிப் பெருமைப்படக் கூடாத இடத்தில் பட்டதும் கிடையாது. இரண்டாவது போட்டில் பட்டைகள் தெறித்தன. ஒன்று குருக்கள் மடியில் விழுந்தது. மச்சான் உள்ளே கைவிட்டுத் தாலியை எடுத்தார், எடுத்ததை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். மாமனார் கையை நீட்டினார். மகன் கையிலிருந்து அப்பா கைக்குத் தாலி போனது. குருக்கள் கைகாட்ட, கெட்டிமேளம் கொட்டியது. மாமியார் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. முதல் கல்யாணத்தில்கூட இவ்வளவு அழவில்லை என்று பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி சொன்னாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். மாமனார் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, "போதும்டா" என்றார். மாமியார் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி உடைந்த பிறகு அன்றைக்கு அவர்கள் பேசியது அவ்வளவுதான். நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றி, கொடியைப் பற்றி எதுவும் இல்லை. ரசத்தைப் பற்றி மட்டும்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் நான் கூடத்தில் தவழ்ந்து சிதறிக் கிடந்த பட்டைகளைப் பொறுக்கினேன். அவற்றைத் துண்டில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. மச்சான் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ள," என்றார். "அப்பா என்னை டேய்னு கூப்பிட்டாரு. கேட்டீங்களா?"

"கேட்டேன். மச்சான், மொத அடியில ஒடையல, பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், என் மடியிலிருந்த துண்டைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெட்டி போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, போகட்டும் மச்சான், வேறு ஒன்று செய்துகொள்ளலாம் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.